செத்த நேரம் உட்கார

பகல் 12 மணி வாக்கில் ஐயாறப்பர் கோயில் நடையைச் சாத்துகிறார்கள். உச்சிக்காலப் பூசை முடிந்து திரை விழுந்துவிட்டால், மாலை நடை திறக்கும்வரை சாமிக்கு வேலை இல்லை. இரவில் அர்த்தசாமம் ஆனதும் பள்ளியறைக்கு எழுந்தருள வேண்டும், பால் நைவேத்தியம் ஆக வேண்டும், அப்புறம் விடியும்வரை துயில். நாளுக்கு இரண்டு தடவை ஓய்வு. திருவையாற்றில் இவ்வளவு கறாராக ஓய்வு எடுப்பவர் வேறு யாரும் கண்ணில் படவில்லை.

தெற்குக் கோபுர வாசலில் ஆட்கொண்டார் சன்னதிக் குண்டத்துக் குங்கிலியப் புகை இன்னும் அடங்கவில்லை. கடைசியாக வெளியே வந்த குடும்பம் செருப்பைத் தேடுகிறது. பூக்காரம்மா நனைத்த சாக்கை எடுத்துக் கூடைமேல் போர்த்திவிட்டு, மதிலோரத்து நிழலுக்கு நகர்ந்து சாய்ந்துகொள்கிறார். கண் மூடிவிட்டது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை. மடியில் கிடக்கும் உதிரிப்பூவிலிருந்து இரண்டு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம், வாழைநார் ஒரு சுற்று, ஒரு இழுப்பு.

“பூ என்ன விலைக்கா?” என்று ஒருவர் கேட்கிறார்.

மூடிய கண் திறக்காமலே விலை வருகிறது. முழங்கையை நீட்டி அளந்து கொடுக்கும்போதுதான் கண் திறக்கிறது. காசு முந்தானை முடிச்சுக்குள் போனதும் மறுபடி மூடிக்கொள்கிறது. இதைத் தூக்கம் என்பதா, வேலை என்பதா? அவரையே கேட்டால், “செத்த அசந்துட்டேன்” என்பார்.

கடைத்தெருவில் அசோகா கிளறுகிறார்கள். திருவையாற்றுக்கே பேர் வாங்கித் தந்த பாசிப்பருப்பு அல்வா. வெந்து மசிந்த பருப்பும் மாவும் சர்க்கரையும் நெய்யும் கூடிச் செக்கச்செவேல் என்று கொப்பளிக்கும் வாணலியின் முன்னால் மாஸ்டர் நிற்கிறார். இடுப்பில் துண்டு, கழுத்தில் இன்னொரு துண்டு. பையன் டீ கொண்டுவந்து நீட்டுகிறான். இடது கையால் வாங்கிக் குடிக்கிறார். வலது கையில் இருக்கும் நீளக் கரண்டி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

“கரண்டியை நான் பிடிக்கிறேன் மாஸ்டர், நீங்க குடிங்க.”

“வேணாம்டா. கை நின்னா அடிபிடிச்சிரும்.”

வாணலியை இறக்கி வைத்தபின் கடைப் படியில் வந்து உட்காருகிறார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கும் வலது மணிக்கட்டு தானாகத் திரும்பித் திரும்பி அடங்குகிறது. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை.

வைகாசி வெயிலில் காவிரி வெறும் மணல். ஆற்றுக்கும் ஓய்வு உண்டு. 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் அந்த ஓய்வுக்குத் தேதியும் உண்டு. ஜனவரி 28-ல் மூடல், ஜூன் 12-ல் திறப்பு. வருஷத்தைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். 2022-ல் நீர் மிகுந்து மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை டெல்டா வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஆறு படுத்திருக்கும் இந்த மாதங்களில்தான் பொக்லைனுக்கு வேலை. வாய்க்கால்களைத் தூர்வாருவது, மதகுகளைச் செப்பனிடுவது, கரையைப் பலப்படுத்துவது எல்லாம் தண்ணீர் வருவதற்குள் முடிந்தாக வேண்டும்.

ஆற்றோடு சேர்ந்து வயலும் படுக்கும். தை, மாசியில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற கதிருக்குள் ஈரச் சேற்றில் உளுந்தையும் பயறையும் தூவிவிடுவார்கள். நெல் போனபின் பனியிலும் மிச்ச ஈரத்திலும் அவை தானாக வளரும். வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். பங்குனி, சித்திரையில் அதையும் பறித்துவிட்டால் வயல் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பு நல்லது என்பார்கள் பெரியவர்கள். காற்றும் வெயிலும் அடி மண் வரைக்கும் இறங்குமாம்.

அப்போது ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து இறங்குவார்கள். ராத்திரி வயலில் கிடை. ஆடுகள் படுத்து எழுந்தால் போதும், புழுக்கையும் மூத்திரமும் மறு சாகுபடிக்கு உரம். ஆடு தூங்குவதற்காக நிலக்காரர் கீதாரிக்குக் கூலி கொடுக்கும் விசித்திரமான வியாபாரம் இது. கீதாரி தூங்க முடியாது. நரி வரும், நாய் வரும், திருட்டுப் பயல் வருவான். கம்பும் டார்ச்சுமாக அவர் விழித்திருந்தால்தான் ஆடுகள் நிம்மதியாகப் படுக்கும், நிலமும் கொழுக்கும்.

ஆழ்குழாய்க் கிணறு உள்ள வயலுக்கு இப்போது இந்த இடைவெளியும் போய்விட்டது. சித்திரையில் நாற்று விட்டு வைகாசியில் நட்டுவிடுகிறார்கள். முன்பட்ட குறுவை என்று பெயர். மேட்டூரை எதிர்பார்க்க வேண்டாம், ஐப்பசி மழைக்கு முன்னால் அறுத்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். உளுந்து விதைத்த வயலிலோ அறுவடை இயந்திரத்தின் பெல்ட் வண்டி இறங்கி முளையை நசுக்கிவிடுவதால், அந்தப் பழக்கமும் குறைந்து வருகிறது. ஒரு போகத்தின் தாள் மக்குமுன் அடுத்த போகம் வந்து நிற்கிறது.

தில்லைஸ்தானம் போகும் சாலையோரத்தில் அப்படி ஒரு நடவு வயல். காலையில் வெயில் ஏறுமுன்னே இறங்கிய பெண்கள், பதினொரு மணிக்கு வரப்பேறித் தூக்குவாளியைத் திறந்தார்கள். பழையது, மோர் மிளகாய், யாரோ ஒருத்தி கொண்டுவந்த கத்திரிக்காய்த் தொக்கு எல்லார் உள்ளங்கைக்கும் ஒரு சிட்டிகை. சேறு காய்ந்து காலில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. சாப்பிட்டு முடித்த ஒரு பெண் வரப்பிலேயே மல்லாந்து படுத்து, இடுப்புக்குக் கீழே கையை மடித்து வைத்து முதுகை நிமிர்த்தினார். குனிந்தே நின்ற முதுகுக்கு அது வைத்தியம்.

“அத்தாச்சி, எந்திரிங்க. மிச்சத்த முடிச்சிட்டா வீட்டுக்குப் போயிரலாம்.”

“வீட்டுக்குப் போனா மட்டும் என்னடி? அங்க ஒரு வயக்காடு கெடக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். பொய் ஒன்றுமில்லை. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். அதையும் செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

வரப்பில் கூடி உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சோறு தின்பது இவர்களின் பாட்டிமாருக்கு எளிதில் வாய்த்ததில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த பண்ணையாள் காலம் அது. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் சேரி சேரியாகப் போய் ஆட்களைத் திரட்டியபின்தான் அந்தக் கொடுமை ஒழிந்தது. 1952-ல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் உழைப்பவர் இளைப்பாறியதெல்லாம் சண்டை போட்டு வாங்கியது.

பொழுது சாயும் நேரம், புஷ்ய மண்டபப் படித்துறை. தவில் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் மேல்படியில் உட்கார்ந்திருக்கிறான். வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறான். விரல் நுனிகள் சிவந்திருக்கின்றன. பக்கத்தில் அவனுடைய வாத்தியார். சாதகத்துக்கு இடையில் காற்று வாங்க வந்திருக்கிறார்கள். பையனின் கை சும்மா இருக்கவில்லை, தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. தட்டிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் கார்வை விட்டு நிறுத்தி, அவசரப்பட்டு அரை அட்சரம் முந்தி எடுத்துவிட்டான்.

வாத்தியார் ஆற்றைப் பார்த்தபடியே சொல்கிறார்: “கை ஓயலாம்டா, கணக்கு ஓயக் கூடாது.”

சங்கீதத்தில் இந்த ஒழுங்கு உண்டு. பாடுபவர் நிரவலுக்கு நடுவே மூச்சு வாங்க வயலின் கைகொடுக்கும். தனியாவர்த்தனம் தொடங்கினால் பாடகருக்கும் வயலினுக்கும் ஓய்வு. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பதால் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் ஆற்றிக்கொள்ளலாம். சபையில் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போவதும் அந்த நேரத்தில்தான். மேடையில் ஓய்வையும் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பங்கீட்டில் இடம் கிடைக்காத ஒருவர் இருந்தார். நாதஸ்வரக் கோஷ்டியின் ஒத்து ஊதுபவர். சுரம் மாற்ற வழியில்லாத குழல். நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிசெய்யலாம், தவில்காரர் வாரை இறுக்கலாம், ஒத்துக்காரர் மட்டும் ஒரு நொடி நிற்க முடியாது. மூக்கால் மூச்சை இழுத்துக் கன்னத்தில் தேக்கி, சுருதி அறாமல் ஊத வேண்டும். சாமி புறப்பாடு முழுக்க அதே ஒரு சுரம். பிறகு சுருதிப்பெட்டி வந்தது, அதற்குப்பின் மின்சாரச் சுருதிப்பெட்டி. ஒத்துக்காரருக்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்தது. கூலியும் அதோடு நின்றது.

படித்துறைக்குப் பக்கத்தில் தியாகராஜர் சமாதி. 1847 ஜனவரியில், புஷ்ய பகுள பஞ்சமியன்று அவர் சித்தியடைந்தார். கடைசி நாட்களில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் எரியூட்டாமல் ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். பல பத்தாண்டுகளில் அந்த இடம் சிதைந்து புதர் மண்டிப் போயிற்று. பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்து தம் நகையையும் சொத்தையும் போட்டு நிலத்தை வாங்கி, கோயில் எழுப்பினார். தேவதாசி மரபில் வந்தவர். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த காலத்தில் பெண்களைத் திரட்டித் தனியே பாடவைத்தவர். 1952-ல் அவர் காலமானபின் குருநாதரின் சன்னதியைப் பார்த்தாற்போல் அவருக்கும் அங்கேயே இடம் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது பாட இடம் கேட்டுப் போராடியவர், போனபின் உட்கார இடம் பெற்றார்.

சென்ற மாதம் ஏழூர்த் திருவிழா. ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில், புதுமாப்பிள்ளை நந்தி வெட்டிவேர்ப் பல்லக்கில், திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றிவிட்டு மறுநாள் திருவையாறு திரும்புவார்கள். சித்திரை வெயிலில் அத்தனை ஊருக்கும் தோளில்தான் பயணம்.

பார்க்கிறவர்கள் கண்ணாடிப் பல்லக்கைப் பார்ப்பார்கள். தண்டுக்குக் கீழே பார்த்தால் வேறொரு திருவிழா. தண்டு உட்காரும் இடத்தில் தோள் காய்ப்பேறிக் கறுத்திருக்கிறது. துண்டை நாலாக மடித்து அதன்மேல் வைத்திருக்கிறார் ஒருவர். மடிப்பு நழுவும்போது, நடை தவறாமல், மறு கையால் இழுத்துவிட்டுக்கொள்கிறார். தெருமுனையில் ஒரு மண்டகப்படி. பல்லக்கு நிற்கிறது. தண்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கிறார்கள். சாமிக்குத் தீபாராதனை, பானகம், விசிறி. அந்த நேரத்துக்குத்தான் தூக்குகிறவர்கள் காத்திருந்தார்கள். நீர்மோர் சொம்பு கைமாறுகிறது. ஒருவர் தோளை ஒருவர் கட்டைவிரலால் அழுத்திவிடுகிறார்கள். பத்து நிமிடம். மேளம் மறுபடி தொடங்குகிறது, “தூக்கு” என்ற குரலுக்கு எல்லாத் தோளும் ஒன்றாகக் குனிகின்றன.

ஊர் ஊராக மண்டகப்படி வைத்த முன்னோர் சாமிக்கு வைத்தார்களா, தூக்குகிறவருக்கு வைத்தார்களா என்று தெரியாது. சாமி இறங்கினால்தான் தோள் இறங்கும். ஆகவே சாமியை அடிக்கடி இறக்க வழி செய்தார்கள். உழைக்கிறவனுக்கு ஓய்வு கொடு என்றால் கேட்காத ஊர், சாமிக்கு இளைப்பாற்றி என்றால் பந்தல் போட்டுப் பானகம் கரைக்கிறது.

இதே புத்திதான் அந்தக் காலத்தில் சுமைதாங்கிக் கல் நட்டது. தோளுயரத்துக்கு இரண்டு கல், குறுக்கே ஒரு கல். தலைச்சுமைக்காரர் யாரையும் கூப்பிடாமல் மூட்டையை அதன்மேல் தள்ளிவிட்டு நிமிரலாம். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் போகும் சாலையில் ஒரத்தநாடு போன்ற ஊர்களில் சத்திரம் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. திண்ணையை ரொம்பவும் கொண்டாட வேண்டாம். எந்தத் திண்ணையில் எந்தச் சாதி உட்காரலாம் என்பதும் அந்தக் காலத்திலேயே முடிவான விஷயம். பலருக்கு அந்தத் தெருவே கிடையாது. இன்றைக்கு அந்தத் திண்ணையையும் இடித்துக் கிரில் கேட் போட்டுவிட்டோம். சாதி பார்க்காத கேட், ஒருவரும் உட்கார முடியாது.

கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் பார்சல் கொண்டுவந்த பையன் மோட்டார் சைக்கிள் மீதே, பெரிய பையைத் தலைக்கு வைத்துக் குறுக்கே படுத்திருக்கிறான். கால் ஒன்று தரையில் ஊன்றியிருக்கிறது. ஊன்றாவிட்டால் வண்டி சாயும். போன் ஒலித்ததும் எழுந்துவிட்டான். இவனைப் போன்றவர்களுக்காக 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. நம் காலத்துச் சுமைதாங்கி அதுதான். திருவையாறு வரைக்கும் அது வர வேண்டும்.

இரவு எட்டரை. கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. முகூர்த்தக் கூட்டம் வடிந்து, ஒரே ஒரு குடும்பம் பாயில் உட்கார்ந்து புடவை பார்க்கிறது. எடுத்துக் காட்டும் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். இருபது புடவைக்கு மேல் பிரித்துப் போட்டாயிற்று. வாங்க வந்த அம்மாள் மருமகளோடு யோசிக்கிற நேரத்தில், அந்தப் பெண் கவுண்டருக்குப் பின்னால் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மற்ற காலின் பாதத்தின்மேல் வைத்துக்கொள்கிறாள். சிறிது நேரம் கழித்துக் கால் மாற்றுகிறாள். இடுப்பு கவுண்டர் விளிம்பில் பட்டும் படாமலும் சாய்கிறது. கல்லாவிலிருந்து ஒரு செருமல். இடுப்பு நிமிர்கிறது, செருப்புக்குள் கால் போய்விடுகிறது, முகத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. கடையில் ஸ்டூல் இரண்டு இருக்கின்றன. இரண்டும் வாங்க வருகிறவர்களுக்கு.

இந்தக் காலை நாம் பார்க்காமல் இல்லை. 2010-ல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது தியேட்டரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பக்கத்தில் கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப்பெண்கள் அழுவதோடு நிற்காமல் சங்கம் சேர்ந்து கேட்டார்கள். 2018-ல் உட்காரும் உரிமை அங்கே சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 2021-ல் சட்டப்பேரவை 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. கடை ஊழியர் எல்லாருக்கும் தகுந்த இருக்கை தர வேண்டும், வேலை நேரம் முழுக்க அவர்களை நிற்க வைக்கக் கூடாது. இவ்வளவுதான் அந்தப் பிரிவு சொல்வது.

முதலாளிகளைக் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “கஸ்டமர் வர்றப்ப உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்காதுங்க.” பழி நம் தலையில் விழுகிறது. முழுப் பொய்யும் இல்லை. உள்ளே நுழையும்போது கடைப்பெண் எழுந்திருக்கவில்லை என்றால் நம்மில் பலருக்கு முகம் சுண்டிப்போகிறது. ஆகவே அடுத்த முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போகும்போது, கல்லாவில் இருப்பவர் காதில் விழும்படி, “நீ உட்கார்ந்தே காட்டும்மா, எங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது” என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்காருங்கள். ஒரு தெருவில் நாலு குடும்பம் இப்படிச் சொன்னால் முதலாளி ஸ்டூல் வாங்கிப் போடுவார். ஒரு பட்டுப்புடவை லாபத்தில் நாலு ஸ்டூல் வரும்.